சோழவரம் முதல் கேம்ப் ரோடு வரை: ஒரு ஸ்பிரிங்கின் கதை

பி.காம். படிக்கிற பையனுக்கு பைக் சஸ்பென்ஷனில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விழுந்தவனுக்குத்தானே வலி தெரியும் :-)

நான் ஓட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150 சிசி வண்டி. அதன் பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஐந்து படிகள் கொண்ட ஒரு வளையம் உண்டு. "ரேஸ்ல எல்லாரும் டைட்டாத்தான்டா வைப்பாங்க" என்றான் நண்பன். நானும் ஐந்தாம் படிக்குத் திருப்பிவிட்டேன். இரண்டே நாள்தான். மழை விட்ட ஒரு மாலையில், கிழக்கு தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம் தார் பெயர்ந்த இடத்தில் பிரேக் பிடித்தேன். பின் சக்கரம் துள்ளியது. அடுத்த நொடி நான் தரையில். மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஒரு இன்டர்னல் தேர்வும் போச்சு.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, உன் வெயிட் எவ்ளோ?"

"56 கிலோண்ணே."

சிரித்துக்கொண்டே வளையத்தை இரண்டாம் படிக்கு இறக்கினார். "ரேஸ் ரோடு வேற, நம்ம ரோடு வேறப்பா."

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது என்று கட்டுப் போட்ட கையோடு படித்தபோதுதான் தெரிந்தது.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்தான் ஓட்டுபவரின் இடுப்பைக் காப்பாற்றியது. 1935ல் பி.எம்.டபிள்யூ. தனது ஆர்12 வண்டியில் எண்ணெய் நிரப்பிய டெலஸ்கோபிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. 1948ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு, புல்லட்டின் பின் சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் பொருத்திக் காட்டியது. அதே புல்லட்டைத் தயாரிக்கத்தான் 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவானது, தொழிற்சாலை திருவொற்றியூரில். ஆக, நம் ஊர் புல்லட் பிறக்கும்போதே முன்னும் பின்னும் ஸ்பிரிங்கோடு பிறந்தது.

இனி கொஞ்சம் கணக்கு. பள்ளத்தில் இறங்கும்போது வரும் சக்தியை ஸ்பிரிங் வரவு வைக்கிறது. வைத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். சின்னத் துளைகள் வழியே போகும் எண்ணெய் அந்தச் சக்தியை வெப்பமாக்கி 'தேய்மானம்' எழுதிவிடுகிறது. அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரெஷன், திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட். நான் திருப்பிய வளையம் இரண்டுமே இல்லை, அது ப்ரீலோடு. அதைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகாது. நாம் உட்காரும்போது வண்டி இறங்கும் அளவுதான் குறையும். 56 கிலோவுக்கு ஐந்தாம் படியில் என் வண்டி ஏறக்குறைய இறங்கவே இல்லை. பள்ளம் வந்தபோது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட இடமே இல்லாமல் போனது. தொடாத சக்கரத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கும்?

அப்படியானால் ரேஸ்காரர்கள் ஏன் இறுக்குகிறார்கள்? சென்னைதான் பதில்.

1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் அவர்கள் நடத்திய பந்தயங்கள் பல ஆண்டுகள் பெருங்கூட்டத்தை இழுத்தன. ஓடுதளம் என்றால் நீண்ட நேர்கோடு, முடிவில் கடும் பிரேக். 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே கட்டிய டிராக் வந்தது. சுமார் 3.7 கி.மீ., 12 வளைவுகள். அங்கே பள்ளமில்லை, ஆட்டோ இல்லை, மாடு இல்லை. ஆனால் கடும் பிரேக்கில் முன்பக்கம் மூக்குக் குத்தக்கூடாது, வளைவில் சாயும்போது வண்டி ஆடக்கூடாது. அதனால்தான் இறுக்கம். திருப்ப குமிழ் இல்லாத வண்டிகளில் கெட்டியான ஃபோர்க் ஆயில் ஊற்றியும், ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைத்தும் சமாளிப்பார்கள்.

ஓசூர் டி.வி.எஸ். 2021ல் அப்பாச்சி ஆர்.ஆர். 310க்கு 'டைனமிக் கிட்' கொடுத்தபோது, முன் ஃபோர்க்கில் மூன்றையுமே திருப்பும் வசதி ஷோரூமிலேயே கிடைத்தது. டிராக்கின் சாவி தெருவுக்கு வந்துவிட்டது. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் திருப்பினால் என் கதிதான்!

பொதுவான கணக்கு இது: நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் மொத்த நகர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் தெருவுக்குச் சரி, நான்கில் ஒரு பங்கு என்றால் டிராக்குக்கு. பின்னால் ஆள் ஏறினால் படியைக் கூட்டுங்கள், இறங்கியதும் மறக்காமல் குறையுங்கள். இரண்டு ஷாக் இருந்தால் இரண்டும் ஒரே படியில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் குறித்து வையுங்கள் (காமர்ஸ் புத்தி!).

இப்போது அம்மாவை ஏற்றிக்கொண்டு சேலையூர் மார்க்கமாகப் போகும்போது மூன்றாம் படி. தனியாகப் போனால் இரண்டு. ஐந்தாம் படி பக்கம் கை போவதே இல்லை. உங்கள் வண்டி எந்தப் படியில் இருக்கிறது? இன்றைக்கே ஒருமுறை குனிந்து பாருங்களேன்.