அரை டிக்கெட் முடிந்த பிறகு

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருவர் போனில் பேசினார். பெரிய பையன் ஒன்பதாவது, சின்னவன் ஒன்றாவது. "சின்னவனுக்கு ஆகிற மாதிரி ரெண்டு மடங்கு பெரியவனுக்கு ஆகுது சார். ஆனா பாக்கிறவங்க எல்லாம் 'பெரியவன் தலையெடுத்துட்டான், இனிமே உனக்கென்ன'ன்னு சொல்றாங்க" என்றார். அந்த அம்மாவின் கணக்கு சரியான கணக்கு. நம் அரசாங்கங்களுக்கு அது புரிய எத்தனை வருடம் ஆயிற்று என்பதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1360 கிலோ கலோரி வேண்டும். 7 முதல் 9 வயதுக்கு 1700. 13 முதல் 15 வயதுப் பையனுக்கு 2860, பெண்ணுக்கு 2400. 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3320. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2110 போதும். அதாவது, கடையில் கல்லாவில் உட்காரும் அப்பாவைவிட பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு ஒன்றரை மடங்கு சாப்பாடு வேண்டும். "இவனுக்கு வயிறா, வண்ணான் தாழியா" என்று திட்டும் பாட்டிமார்கள் இதைக் கவனிக்கவும். அவன் வளர்கிறான், அவ்வளவுதான்.

இனி வரலாறு. 1920-ல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு போட முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. 1956-ல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியோடு, ஊர்மக்கள் கொடுத்த அரிசியையும் பருப்பையும் வைத்து எலிமெண்டரி பள்ளிகளில் மதிய உணவு பரவியது. இரண்டு முறையும் அரசின் கண்ணுக்குத் தெரிந்தது சின்னப் பிள்ளைதான்.

1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பிள்ளைகளில் 2 முதல் 9 வயது வரை உள்ளவர்களுக்குச் சோறு. அதே செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1983 ஜனவரியில் முதியோர் உதவித்தொகை வாங்கும் தாத்தா பாட்டிகளையும் சேர்த்தார்கள். 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தது அதற்கும் பிறகு, 1984 செப்டம்பரில். வீட்டிலேயே அதிகம் பசிக்கிறவனுக்குத் தட்டு கடைசியாக வந்தது.

அந்த இரண்டு வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதிய மணி அடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எதிரே இருந்த ஆரம்பப் பள்ளிக்கு ஓடுவான். தங்கை தன் தட்டில் பாதியை அண்ணனுக்கு வைத்திருப்பாள். ஆயாவுக்கும் தெரியும், ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கைக்கு அளந்த சோற்றில் இரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

தமிழ்நாடு இரண்டு வருடத்தில் திருத்திக்கொண்டதை மத்திய அரசு செய்ய 12 வருடம் ஆயிற்று. 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய தேசிய மதிய உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்கள் 2007-ல்தான் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்த்தபோது அளவும் மாறியது. சின்ன வகுப்புக்கு 100 கிராம் அரிசி என்றால் மேல் வகுப்புக்கு 150 கிராம். மாணவி சொன்ன கணக்கை அரசு தராசில் வைத்து ஒப்புக்கொண்ட இடம் இது.

ஆனால் சாப்பாடு பாதிதான். பெரிய பிள்ளையின் செலவில் இன்னொரு பாதி கண்ணுக்குத் தெரியாது. அவன் வேலைக்குப் போயிருந்தால் கொண்டுவந்திருக்கும் கூலி அது. ஆறு வயதுப் பிள்ளையை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பதினைந்து வயதுப் பையனை ஆரணித் தறியில் கூப்பிடுவார்கள். பெங்களூரு கட்டட வேலைக்குக் கூப்பிடுவார்கள். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும் விற்கக் கூப்பிடுவார்கள். கடன் இருக்கும் வீட்டில் அப்பா இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்கிறார்: இவன் சாப்பிடுவது இவ்வளவு, சம்பாதிக்காமல் இருப்பது இவ்வளவு. பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது அந்தக் கூட்டலின் விடைதான்.

சட்டமும் அந்த வயதில்தான் கையை விடுகிறது. ரயிலில் தனி படுக்கை கேட்காவிட்டால் அரைக் கட்டணம் 12 வயது வரை. அரசு தரும் இலவசச் சீருடை எட்டாம் வகுப்பு வரை. கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 14 வயது வரை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது முடிந்தவர்களை ஆபத்தில்லாத வேலைகளில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. படிப்புக்கான உரிமை முடியும் அதே பிறந்தநாளில் வேலைக்கான கதவு திறக்கிறது.

நம் மாநிலம் இந்த ஓட்டையை ஒவ்வொன்றாக அடைத்து வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2001-02-ல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்களுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். 2005-06-ல் அது எல்லாருக்கும் ஆயிற்று. ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி மேல்நிலைப் பள்ளி இருக்கும் பெண்ணுக்கு அந்த சைக்கிள் எப்படிப்பட்ட உதவி என்பது செங்கம், தண்டராம்பட்டு பக்கத்துப் பிள்ளைகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெண்களுக்கான இன்னொரு திட்டத்தின் கதை முக்கியமானது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5000 ரூபாய். அந்தப் பணத்துக்காகவே எட்டாவது வரை அனுப்பிய வீடுகள் உண்டு. 2022-ல் அதே திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரியில் படிக்கும்வரை மாதம் 1000 ரூபாய். 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வந்தது. கல்யாணத்துக்கு ஒரே தொகை என்பது போய், படிப்புக்கு மாதாமாதம் என்று ஆனது பெரிய மாற்றம். வளர்ந்த பிள்ளைக்கு மாதச் செலவு உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொள்ள, ஆயிரம் விளக்குப் பள்ளியிலிருந்து எண்ணினால் நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதற்கு நடுவில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம் இருக்கிறது. புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. ஆனால் ஒன்பதில் சீருடைத் துணியும் தையல்கூலியும் வீட்டுக் கணக்குக்கு வருகின்றன. பதினொன்றில் மதியச் சோறும் வருகிறது. தேய்ந்த செருப்பு, நோட்டு, லேப் ரெக்கார்டு, பெண் பிள்ளைக்கு நாப்கின், போனுக்கு ரீசார்ஜ், இவை தனி. அவன் ஒன்றும் கேட்காமல் இருப்பான். அந்த வயதில் வீட்டு நிலைமை புரிந்துவிடும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது சின்னப் பிள்ளைக்கு பொம்மையும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போகிறோம். மூலையில் நிற்கும் பெரியவனை "என்னடா, நல்லா படிக்கிறியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். அடுத்த முறை பொம்மைக் காசில் அவனுடைய தையல்கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கடை, பட்டறை, ஓட்டல் வைத்திருக்கும் மாணவர்களே, வேலை கேட்டு ஒரு பதினைந்து வயதுப் பையன் வந்து நின்றால், வீட்டில் மாதம் எவ்வளவு குறைகிறது என்று அவன் அப்பாவிடம் கேளுங்கள். பல சமயம் அது நீங்கள் தரப்போகும் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதைக் கொடுத்து அவனைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் வீட்டில் பெரிய பிள்ளைக்கு ஆகும் செலவைக் கீழே எழுதுங்கள். படிக்கிறேன்.