இன்சுலின் ஊசி: வலிக்காத இடம் நல்ல இடமா?

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இன்சுலின் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். "ஊசி எங்கீங்க போட்டுக்கறீங்க?" என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "எப்பவும் ஒரே இடந்தானுங்க. அங்க போட்டா வலிக்கறதே இல்லீங்க!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வலிக்காத இடம்தான் பல நேரம் ஆபத்தான இடம். ஏன் என்று தெரிய, நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

முதல் ஊசி

1922 ஜனவரி 11. கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனை. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். எடை 30 கிலோகூட இல்லை. பேண்டிங்கும் பெஸ்டும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றில் 15 மில்லியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பிட்டத்திலும் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஊசி போட்ட இடம் கட்டியாக வீங்கிவிட்டது! மருந்தில் அவ்வளவு கசடு.

காலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்தம் செய்து கொடுத்தார். ஜனவரி 23-ல் மறுபடியும் ஊசி. இந்த முறை பையன் தேறினான். அடுத்த வருடமே பேண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு. உயிர் காத்த மருந்தின் முதல் தொல்லையே ஊசி போட்ட இடத்தில்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணாடி சிரிஞ்சு காலம்

அன்றைக்கு சிரிஞ்சு கண்ணாடி. ஊசி தடிமனான இரும்பு. தினமும் கொதிக்க வைத்து, மழுங்கினால் கல்லில் தீட்டி, திரும்பத் திரும்ப அதையே குத்திக்கொள்ள வேண்டும். மாடு, பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினால் பலருக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு கரைந்து குழி விழுந்தது. தொடையிலும் கையிலும் பள்ளம் பள்ளமாகத் தெரியும். 'இடத்தை மாற்றி மாற்றிப் போடு' என்ற பாடத்துக்கு அந்தக் குழிகள் முக்கியக் காரணம்.

1970-களில் நன்றாகச் சுத்திகரித்த இன்சுலினும், 1982-ல் மனித இன்சுலினும் வந்த பிறகு குழிகள் குறைந்துவிட்டன. ஆனால் இன்னொன்று குறையவில்லை. ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்பு திரண்டு மெத்தை மாதிரி மேடு வரும். இன்சுலினுக்கே கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு என்பதால் மருந்து எவ்வளவு சுத்தமானாலும் இது வரும். அந்த மேட்டில் உணர்ச்சி குறைவு, அதனால் வலியும் குறைவு. காந்திபுரத்துக்காரர் சொன்ன வலிக்காத இடம் இதுதான்!

சிக்கல் என்னவென்றால், மேட்டில் போட்ட மருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேராது. ஒரு நாள் சர்க்கரை ஏறும், ஒரு நாள் திடீரென்று இறங்கி மயக்கம் வரும். 'மருந்து வேலை செய்யவில்லை' என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஸ்பெயினில் 430 பேரைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இந்த மேடு இருந்தது.

வயிறா, தொடையா?

1978-ல் கோய்விஸ்டோ, ஃபெலிக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விஷயத்தை நிரூபித்தார்கள். தொடையில் ஊசி போட்டுவிட்டுக் காலுக்கு உடற்பயிற்சி கொடுத்தால் மருந்து வேகமாக ஏறுகிறது. தொடையில் போட்டுக்கொண்டு உடனே சைக்கிள் மிதித்து மில் ஷிப்டுக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். பாதி வழியில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பழைய வகை ரெகுலர் இன்சுலின் வயிற்றில் போட்டால் சீக்கிரம் சேரும், அடுத்து கை. தொடையும் பிட்டமும் மெதுவாகத்தான். புதிய வகை இன்சுலின்களில் இந்த வித்தியாசம் குறைவு.

ஊசியும் மாறியது. 1985-ல் இன்சுலின் பேனா வந்தது. ஒரு காலத்தில் 12.7 மி.மீ. இருந்த ஊசி, 2010 வாக்கில் 4 மி.மீ. ஆனது. ஒல்லியோ குண்டோ, ஊசி போடும் இடங்களில் தோலின் தடிமன் சுமார் 2 மி.மீ.தான் என்று அளந்து கண்டுபிடித்ததால், குட்டை ஊசியே எல்லோருக்கும் போதும் என்றாகிவிட்டது. தசையில் இறங்கும் பயமும் குறைந்தது.

தமிழ்நாட்டில்

இங்கே சர்க்கரை நோய்க்குத் தனி வைத்தியம் என்பதைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தனிப்பிரிவு, 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை. கோவையில் 'இதயங்கள்' அறக்கட்டளை டைப் 1 குழந்தைகளுக்கு இலவசமாக இன்சுலின் கொடுத்து உதவுகிறது. அந்தக் குழந்தைகளுக்கு இடம் மாற்றுவது உயிர்ப் பிரச்சினை. நாளைக்கு 4 ஊசி என்றால் வருடத்துக்கு 1,460 ஊசி. அதுவும் வாழ்நாள் முழுக்க!

எப்படிப் போடுவது?

வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொண்டு வாரம் ஒரு கட்டம் என்று சுற்ற வேண்டும். ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளி. தொப்புளை ஒட்டியும், தழும்பிலும், வேட்டி, சேலை இறுக்கிக் கட்டும் இடத்திலும் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குத்தினால் எரியும். சற்று வெளியே வைத்துவிட்டுப் போடலாம். வாரம் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தால் மேடு தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது மருந்து முழுதாக ஏறும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். எனவே டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுவதே நல்லது.

லியோனார்டுக்கு வீங்கியது மருந்தின் குற்றம். இன்றைக்கு மருந்து சுத்தம், ஊசி மெல்லிசு. இன்னும் மாறாமல் இருப்பது ஒரே இடத்தில் குத்திக்கொள்ளும் நம் பழக்கம்தான்.