ரொறன்ரோ வகுப்பறையும் சார்ள்ஸ் பிளிஸும்

பேச இயலாத பிள்ளைக்கு மொழி கற்பிப்பது எப்படி? 1971 ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில், ஒன்ராறியோ அங்கவீனச் சிறார் நிலையத்தில் கற்பித்துக்கொண்டிருந்த ஷேர்லி மக்நோட்டன் என்ற ஆசிரியையின் முன் நின்ற கேள்வி இதுதான். அவருடைய மாணவர்கள் பெருமூளை வாதத்தினால் பாதிக்கப்பட்டவர்கள். பிறர் பேசுவது அவர்களுக்கு விளங்கியது. ஆனால் நாவும் கைகளும் சொன்னபடி கேட்கவில்லை. உணவு, கழிப்பறை முதலிய படங்கள் ஒட்டிய பலகைகளைக் கொண்டு தேவையைத் தெரிவிக்கலாம். நேற்று நடந்ததை, மனதிலுள்ள ஆத்திரத்தை எப்படிச் சொல்வது?

வழி தேடிய மக்நோட்டனும் சகாக்களும், குறியீடுகள் பற்றிய நூலொன்றின் வாயிலாகச் சார்ள்ஸ் பிளிஸ் என்பவரின் ஆக்கத்தைக் கண்டறிந்தனர்.

பிளிஸ் 1897 இல் அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்த இரசாயனப் பொறியியலாளர். பல மொழியினர் ஒருவரையொருவர் பகைத்து வாழ்ந்த ஊர் அது. (மொழியின் பெயரால் எழும் பகையை இலங்கையருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.) 1938 இல் நாஜிகள் அவரை டச்சாவ் முகாமிலும் பின்னர் புக்கன்வால்ட் முகாமிலும் அடைத்தனர். மனைவியின் முயற்சியால் விடுதலையாகி, ஈற்றில் ஷங்காய் சேர்ந்தார். அங்கே வெவ்வேறு பேச்சுமொழியினர் ஒரே எழுத்தைப் படித்துப் பொருள் கொள்வதைக் கண்டு வியந்தவர், உலகம் முழுவதற்கும் பொதுவான வரைகுறி மொழியொன்றை ஆக்கத் தொடங்கினார். 1946 இல் சிட்னியில் குடியேறி, 1949 இல் அதனை நூலாக வெளியிட்டார். உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ரொறன்ரோப் பிள்ளைகள் அதனைப் பற்றிக்கொண்டார்கள். இதய வடிவம் உணர்வைக் குறிக்கும். அதனுடன் மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி; கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துயரம். தலைமேல் சிறு கூரைபோன்ற அடையாளம் இட்டால் அது வினையாகும். காலத்தைக் காட்டவும் அடையாளம் உண்டு. இரு குறிகளை இணைத்துப் பலகையில் இல்லாத சொல்லொன்றைப் பிள்ளை தானே ஆக்கலாம். படத்தைத் தொட்டுக் கேட்பதற்கும் வாக்கியம் அமைப்பதற்கும் உள்ள தூரம் இங்கேதான் கடக்கப்பட்டது. கை அசையாதவர்கள் கண்ணால் காட்டினார்கள். ஒவ்வொரு குறியுடனும் ஆங்கிலச் சொல்லும் அச்சிடப்பட்டது. குறி தெரியாதவரும் வாசித்துப் பதில் கூறலாம். பிள்ளையின் கண்ணுக்கும் அச்செழுத்துப் பழகும்.

பிணக்கு எழுந்தது எழுத்தைச் சுற்றித்தான். செய்தி கேட்டு முதலில் ஆனந்தக் கூத்தாடிய பிளிஸ், ரொறன்ரோவுக்கு வந்து பிள்ளைகளைக் கொண்டாடினார். ஆனால் ஆசிரியர்களுக்குக் குறியீடு ஒரு தோணி. ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் பிள்ளையைக் கொண்டுசேர்த்தால் போதும். பிளிஸுக்கோ அதுவே கரை. தமது குறிகளை மாற்றுகிறார்கள், சிதைக்கிறார்கள் என்று அவர் குற்றஞ்சாட்ட, விவகாரம் சட்டத்தரணிகளிடம் சென்றது. உரிமம் பற்றிய இறுதி உடன்பாடு 1982 இல்தான் ஏற்பட்டது. முகாம்களைக் கண்டு மீண்ட ஒருவர் மனித மொழிகளை நம்பாததில் வியப்பில்லை. எனினும் இவ்விடயத்தில் நியாயம் ஆசிரியர்களின் பக்கமே என்பது எனது கருத்து. பிளிஸின் குறிகளைக் கொண்டு அவற்றை அறிந்தவரோடு அல்லது அட்டையை எதிரே வைத்திருப்பவரோடுதான் பேசலாம். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் எதையும் எவருக்கும் எழுதலாம்.

பின்வந்த ஆசிரியர்கள் மற்றுமொன்றை உணர்ந்தனர். பேசும் குழந்தை, வாய் திறக்குமுன் மாதக்கணக்கில் பேச்சைக் கேட்கிறது. அட்டையில் பேசவேண்டிய பிள்ளையோ, பிறர் எவரும் அட்டையில் பேசி ஒருபோதும் கண்டதில்லை. ஆதலால் இன்று ஆசிரியர் தாம் பேசும்போதே பிள்ளையின் அட்டையிலுள்ள குறிகளைத் தொட்டுக்காட்டுகிறார். பின்னர் வாய்மூடிக் காத்திருக்கிறார். இரண்டாவதே கடினம். பிள்ளை இரண்டு குறிகளைக் காட்டுமுன் வாக்கியத்தை நாம் முடித்துவிடுகிறோம்.

இத்தகைய தொடர்பாடல் முறைகளுக்கான சர்வதேசச் சங்கம் 1983 இல் உருவானது. பிளிஸ் 1985 இல் காலமானார். அதன்பின் பேசும் கணினிகளும், பார்த்தவுடன் விளங்கும் படத்தொகுதிகளும் வட அமெரிக்க வகுப்பறைகளில் அவரது குறிகளின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அவரது அட்டையில் தொடங்கி எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளைகளோ, அதற்கு முன்னரே எழுத்துப் பலகைக்கு மாறியிருந்தார்கள்.