சுற்றும் தேட்டமும்

‘சேர்ச்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் ‘சுற்று’ என்பதிலிருந்து போனதுதான் என்று கிழக்கிலங்கைக் கரையில் எங்கள் பாலமுனைப் பக்கத்திலும் இப்போது அடித்துச் சொல்கிறார்கள். படித்தவர்களே சொல்வதுதான் எரிச்சல். பொருள் பொருந்துகிறதே என்பது அவர்களுடைய ஒரே சான்று. பொருந்தத்தான் செய்கிறது. பழைய பிரெஞ்சின் வழியாக வந்த அச்சொல்லுக்கு மூலம் பிற்கால இலத்தீனின் ‘கிர்க்காரே’, அதாவது சுற்றிவருதல். ‘சர்க்கிள்’, ‘சர்க்கஸ்’ இரண்டும் அதே குடும்பம். ஆனால் அந்த இலத்தீன் சொல்லின் முதலெழுத்து ககரமாக ஒலித்தது; சகரச் சாயல் பின்னால் ஏறியது. நம் ‘சுற்று’ கன்னடத்தில் ‘சுத்து’, தெலுங்கில் ‘சுட்டு’. இவற்றில் ‘ர்க்’ எங்கே? பேரனின் மூக்கைப் பார்த்து முப்பாட்டனுக்கு உறவு சொல்வதெல்லாம் சொல்லாராய்ச்சி ஆகாது.

வளைப்பதும் தேடுவதும் தமிழில் ஒன்றல்ல. போர்க்காலத்தில் நம்மவர் ‘ரவுண்டப்’ என்றதைப் பத்திரிகைகள் ‘சுற்றிவளைப்புத் தேடுதல்’ என்று எழுதின. ஒரு சொல் போதவில்லை, இரண்டு வேண்டியிருந்தது. கரைவலைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தோணி வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே போய்த் திரும்பும். இரு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். “மீனை வளைச்சாச்சு” என்பார்களே தவிர, தேடியாச்சு என்று எவரும் சொல்லார்.

ஆங்கிலத்தில் தேடலுக்குச் சொற்கள் ஏராளம், எல்லாம் ஒரு வேரில் முளைத்தவை அல்ல. ‘சீக்’ பழைய ஜெர்மானியச் சொல். ‘ரான்சாக்’ என்பதில் நோர்ஸ் மொழியின் ‘வீடு’ ஒளிந்திருக்கிறது: வீடு புகுந்து தேடுதல். ‘ரம்மேஜ்’ கடலோரத்தாருக்கு உரியது. கப்பலின் அடித்தட்டில் சரக்கை அடுக்குவதுதான் அதன் பழம்பொருள். அடுக்கியதைச் சுங்கத்தார் புரட்டிப் பார்க்கப்போய், அடுக்கும் சொல் கிளறும் சொல்லாயிற்று.

நம் பக்கம் வருவோம். சுளகில் முருங்கைக்கீரை ஆயும் பெண் பழுத்த இலையையும் காம்பையும் கழித்து நல்லதைச் சேர்க்கிறாள். ‘ஆராய்ச்சி’ அந்தச் சுளகிலிருந்து எழுந்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் காட்டும் தும்பி தேனைத் தேர்ந்து வாழ்வது. தேடுவதும் தெரிந்தெடுப்பதும் அங்கே ஒரே வினை. தேர்வும் தேர்தலும் தேர்ச்சியும் அந்தத் தும்பிக்குக் கடன்பட்டவை. (தேர்தலில் நாம் எதைத் தேர்கிறோம் என்பது வேறு கதை.)

‘தேடு’ இன்னும் ஒரு படி மேலே போனது. மலையாளத்திலும் அது ‘தேடுக’. தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கையைத் தமிழன் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டான்: தேடியது தேட்டம், அதாவது சம்பாத்தியம். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் மணவாழ்வில் ஈட்டிய சொத்துக்குப் பெயர் ‘தேடிய தேட்டம்’. அச்சட்டம் நம் கரைக்கு உரியதன்று, சொல் நமக்கும் உரியது. ஈழத்து நூல்களைத் தொகுதி தொகுதியாகப் பட்டியலிட்ட என். செல்வராஜா தம் பணிக்கு ‘நூல்தேட்டம்’ என்று பெயர் வைத்தார்; அதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது. தொழுகைக்குப் பின் நாம் பாதுகாவல் தேடுகிறோம், பாவமன்னிப்புத் தேடுகிறோம். அங்கே தேடுவது இரப்பதாகவும் ஆகிவிடுகிறது. இப்படி ஈட்டவும் இரக்கவும் ஒருங்கே பயன்படும் வினை ‘சேர்ச்’ அல்ல.

‘தெரி’, ‘தேர்’, ‘தேடு’ மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது என் துணிபு. ரகரம் டகரமானதற்கு விதி காட்டு என்பார்கள். ககரத்தைச் சகரத்துக்குப் பேரனாக்கியவர்கள் முதலில் தங்கள் விதியைக் காட்டட்டும்.