ஓட்டை, கதவு, ரேம்ப்: முதல் குதியைத் தீர்மானிப்பது எந்த விமானம்?

காவேரிப்பட்டினத்தில் பெங்களூர் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் தாண்டி சுமார் நூறு கிலோமீட்டரில் பெங்களூர். அங்கேதான் இந்திய ராணுவத்தின் பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சி மையம் இருக்கிறது. வழியில் ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமான ஓடுதளம். இத்தாலிய வடிவமைப்பான பி-68சி என்ற ஆறு பேர் உட்காரும் குட்டி விமானத்தை 1990-களில் அங்கே தயாரித்தார்கள். மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கும் கிரானைட் குவாரிகளுக்கும் பேர்போன இந்தப் பக்கத்துக்கும், வானத்திலிருந்து குதிக்கிற சமாச்சாரத்துக்கும் ரொம்ப தூரமில்லை என்று சொல்லத்தான் இந்த முன்னுரை.

சரி, ஒரு கேள்வி. இந்திய ராணுவத்தில் முதன்முதலாக பாராசூட் கட்டிக்கொண்டு குதித்த இந்தியர் யார்? பஞ்சாபி, கூர்க்கா என்றுதான் பலரும் யூகிப்பார்கள். விடை: இரண்டு பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் ஒரு டாக்டர், லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். முழுப்பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஆமாம், நம்ம ஆற்காடுதான்! 1941-ல் 50-வது பாராசூட் பிரிகேடை ஆரம்பித்தபோது அதன் 152-வது பட்டாலியனில் மருத்துவராக இருந்தவர்.

அந்த வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியில் முதல் சோதனைக் குதிகள் நடந்தன. பிரிட்டிஷ் அதிகாரிகள் முதலில் குதித்தார்கள், அவர்களைத் தொடர்ந்து நம்மவர்கள். ஏறிய விமானம் விக்கர்ஸ் வாலன்ஷியா. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். மேலே ஒன்று கீழே ஒன்றாகத் துணி போர்த்திய இரட்டை இறக்கை. இரண்டு எஞ்சின். உள்ளே இருபத்திரண்டு பேர் உட்காரலாம். ஆனால் விமானிக்கு மேலே கூரையே கிடையாது, காற்றிலும் வெயிலிலும் உட்கார்ந்துதான் ஓட்டவேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடுவதே அதற்குப் பெரும்பாடு. ஐரோப்பாவில் ஸ்பிட்ஃபயர்கள் பறந்துகொண்டிருந்த காலத்தில் இது பாட்டி காலத்து வண்டி. வேறு நல்ல விமானம் எதையும் இந்தியாவுக்கு ஒதுக்கவில்லை என்பதுதான் காரணம்.

ஆனால் முதல்முறை குதிப்பவனுக்கு அந்தக் கிழட்டு வண்டியால் ஒரு நன்மையும் உண்டு. மெதுவாகப் போகிற விமானத்திலிருந்து குதித்தால் காற்று அவ்வளவு மூர்க்கமாக அடிக்காது. இந்த இடத்தில்தான் கட்டுரையின் விஷயமே இருக்கிறது. வானம் எல்லோருக்கும் ஒன்றுதான், புவியீர்ப்பும் ஒன்றுதான். ஆனால் முதல் குதியில் ஒருவனுக்கு என்ன பயம் வரும், வயிறு என்ன ஆகும், உடம்பில் எங்கே அடிபடும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அவன் ஏறிய விமானத்தின் வாசல்.

கொஞ்சம் பின்னால் போவோம். ரங்கராஜும் மதுரா சிங்கும் ராணுவத்தில்தான் முதல்வர்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1890-ல், கல்கத்தாவில் ராம் சந்திர சாட்டர்ஜி என்ற சர்க்கஸ் வித்தைக்காரர் பலூனில் ஏறி பாராசூட்டில் இறங்கிவிட்டார். பலூனில் வாசல் என்று ஒன்றும் இல்லை. தொங்கிக்கொண்டே மேலே போய், கையை விடவேண்டியதுதான். விமானத்திலிருந்து முதலில் குதித்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் அமெரிக்கர் ஆல்பர்ட் பெர்ரியின் கதை இன்னும் வேடிக்கை. 1912 மார்ச் 1 அன்று அவர் ஏறிய பெனாய்ஸ்ட் விமானத்தில் உடம்பை மூடும் சுவரே இல்லை, வெறும் சட்டம்தான். பாராசூட்டை ஒரு கூம்புக்குள் வைத்து விமானத்தின் அடியில் கட்டியிருந்தார்கள். மனிதர் பறக்கிற விமானத்தின் அடியில் இறங்கி, ஊஞ்சல் கம்பி மாதிரி ஒன்றில் தொற்றிக்கொண்டு, அப்புறம் விழவேண்டும். குதிப்பதைவிட அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பெரிய வித்தை!

இரண்டாம் உலகப்போர் வந்ததும் வித்தைக்காரர்கள் போதாது, ஆயிரக்கணக்கான சாதாரண சிப்பாய்கள் குதிக்கவேண்டும் என்றானது. 1940 ஜூலையில் இங்கிலாந்தில் ரிங்வே என்ற இடத்தில் பயிற்சி தொடங்கியது. கிடைத்த விமானம் விட்லி. அது குண்டு போடுவதற்காகக் கட்டப்பட்டது, ஆள் இறங்குவதற்காக அல்ல. முதல் நாட்களில் வாலில் இருந்த துப்பாக்கிக் கூண்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சின்ன மேடை போட்டார்கள். அதில் விமானத்தின் முன்பக்கம் பார்த்து நின்று கயிற்றை இழுக்கவேண்டும். விரிந்த பாராசூட் ஆளைப் பின்னால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். குதிப்பது என்று இதைச் சொல்லவே முடியாது.

அப்புறம் தரையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தினார்கள். கிணற்று உறை மாதிரி ஆழமான வட்ட ஓட்டை. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, இருட்டு, இரைச்சல். தவழ்ந்து வந்து விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, விறைப்பாகத் தன்னைத் தள்ளிவிட வேண்டும். தள்ளல் குறைந்தால் முதுகில் இருக்கும் பை பின் விளிம்பில் தட்டி, முகம் போய் எதிர் விளிம்பில் மோதும். அதிகமாகத் தள்ளினாலும் முகம்தான் மோதும். மூக்கு உடைந்தவர்கள் நிறைய. இதற்கு சிப்பாய்கள் வைத்த கிண்டல் பெயர் 'மணி அடிப்பது'. 1940 ஜூலை 25 அன்று ஒரு வீரரின் பாராசூட் சிக்கிக்கொண்டு அவர் இறந்தே போனார். அதன்பிறகுதான் மடிக்கும் முறையை மாற்றி, முதலில் கயிறுகள் முழுக்க நீண்டு, கடைசியில் குடை விரிகிற வகையைக் கொண்டுவந்தார்கள். ஒரு உயிர் போய்த்தான் அந்தத் திருத்தம் வந்தது.

விமானம் பற்றாக்குறை என்பதால் 1941-லிருந்து முதல் குதிகளுக்குக் கயிற்றில் கட்டிய பலூனையும் பயன்படுத்தினார்கள். சுமார் 700, 800 அடி உயரம், அடியில் ஒரு கூண்டு, கூண்டில் ஒரு ஓட்டை. எஞ்சின் இல்லை, எனவே சத்தமில்லை. கீழே ஊர் பேசுவது கேட்கும். இதுதான் சுலபம் என்று தோன்றுகிறதா? குதித்தவர்களில் பலர் விமானத்தைவிட பலூனைத்தான் வெறுத்தார்கள்.

காரணம் எளிமையான இயற்பியல். பொருட்காட்சி ராட்டினம் உச்சியிலிருந்து கீழே இறங்கும்போது வயிறு மேலே ஏறுகிற மாதிரி இருக்குமே, அதுதான் பலூன் குதி. பாராசூட் விரியும் வரை அந்த உணர்வுதான். ஆனால் விமானம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைத் தாண்டிய நொடியிலேயே ஆளும் அதே வேகத்தில் முன்னோக்கிப் போகிறான், காற்று அவனை எதிர்த்துத் தாங்குகிறது. முன்வேகம் குறையக் குறைய கீழ்வேகம் ஏறுகிறது. அதனால் விழுகிறோம் என்பதைவிட யாரோ காற்றால் அடித்து இழுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஸ்கைடைவிங் செய்தவர்கள் 'வயிறு கலக்கவே இல்லை' என்று சொல்வதில் பொய் இல்லை. அவர்களுக்கு அந்த உபகாரத்தைச் செய்தது விமானத்தின் வேகம். கூடவே, சத்தமும் ஒரு உதவிதான். எஞ்சின் இரைச்சலில் யோசிக்க முடியாது, பலூனின் அமைதியில் யோசிக்காமல் இருக்க முடியாது.

போரின் நடுவில் டகோட்டா வந்ததும் எல்லாம் மாறியது. இடதுபக்கம் பின்னால் பெரிய கதவு, நிமிர்ந்து நிற்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் புறப்பாடு. தலைக்கு மேலே ஓடும் கம்பியில் கொக்கியை மாட்டிக்கொண்டு வரிசையாக நகரவேண்டும். கொக்கியின் கயிறே பாராசூட்டைத் திறந்துவிடும். முதல்முறை ஆளுக்கு இதில் பெரிய ஆறுதல், முன்னால் ஒருத்தன் மறைந்துவிட்டான், பின்னால் ஒருத்தன் இடிக்கிறான் என்பதுதான். தனியாக உட்கார்ந்து ஓட்டையைப் பார்க்கும் நேரமே இல்லை. (தீபாவளிக்கு முந்தைய நாள் பெங்களூர் பஸ் படிக்கட்டில் நின்றவர்களுக்கு இது உடனே புரியும். இறங்குவதா வேண்டாமா என்பது நம் கையில் இல்லை!) 1945 மே 1 அன்று ரங்கூன் அருகே எலிஃபன்ட் பாயின்டில் கூர்க்கா வீரர்கள் குதித்தது டகோட்டாக்களிலிருந்துதான்.

ரங்கராஜின் 152-வது பட்டாலியனுக்கு அப்படி ஒரு போர்க்குதி வாய்க்கவில்லை. 1944-ல் மணிப்பூரின் சாங்ஷாக்கில் ஜப்பானியர்களை அவர்கள் எதிர்கொண்டது தரையில் நின்றுதான். அவரது சந்தர்ப்பம் கொரியாவில் வந்தது. 1950 நவம்பரில் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவின் தலைவராக அங்கே போனார். பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கியபோது, மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், இவரது ஆட்கள் ஒரு பழைய ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தனிப் படமே எடுக்கலாம்.

1951 மார்ச் 23 அன்று முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187-வது படைப்பிரிவு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் குதிக்கவைத்தது. கூடவே ரங்கராஜும் சேர்த்து பன்னிரண்டு இந்தியர்களும் குதித்தார்கள். விமானங்கள் சி-119, சி-46 ரகங்கள். சி-119-க்கு நம் ஊர்ப் பெயர் பேக்கெட். பின்னால் இரண்டு பக்கமும் கதவு, இரண்டு வரிசை ஒரே நேரத்தில் காலியாகும். துணி இறக்கை வாலன்ஷியாவிலிருந்து பத்தே வருஷத்தில் இது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புக்கு உழைத்தார்.

பேக்கெட் 1954-லிருந்து இந்திய விமானப்படைக்கும் வந்தது. பயிற்சிப் பள்ளி ஆக்ராவில். 1959-ல் முதன்முதலாகக் குதித்த இந்தியப் பெண் கீதா சந்தா, விமானப்படை மருத்துவர். முதல் ஆணில் ஒருவரும் டாக்டர், முதல் பெண்ணும் டாக்டர்! 1971 டிசம்பர் 11 அன்று வங்கதேசத்தின் டாங்கைலில் 2-வது பாரா பட்டாலியன் இறங்கிய மாலையில் ஏஎன்-12, பேக்கெட், டகோட்டா, கேரிபூ என்று நாலு ரகமும் ஒரே வானத்தில் பறந்தன.

1984-லிருந்து ஏஎன்-32. நம்மில் பலருக்கும் தெரிந்த முதல் குதி இதிலிருந்துதான் நடந்தது. சென்னை ரசிகர்களின் 'தல' தோனி, கௌரவ லெப்டினன்ட் கர்னல், 2015 ஆகஸ்டில் ஆக்ராவில் பயிற்சி எடுத்து, மால்புரா மைதானத்தில் முதல்முறை குதித்தார். உயரம் 1,250 அடி. ஐந்து குதிகளை முடித்து இறக்கைச் சின்னம் வாங்கினார். 1,250 அடி என்றால் வேடிக்கை பார்க்க நேரமில்லை. தானாக விரிகிறது, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, தரை வந்துவிட்டது. ராணுவ விமானம் முதல்முறை ஆளுக்குத் தருவது சுதந்திர வீழ்ச்சி அல்ல, வரிசையில் ஒரு இடம்.

பணம் கட்டிக் குதிக்கும் சாதாரண ஜனங்களின் அனுபவம் இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் செஸ்னா ரகத்துக் குட்டி விமானம். பைலட் சீட்டைத் தவிர மற்றதைக் கழற்றிவிட்டு நாலு பேர் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். பத்தாயிரம் அடி ஏற இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். பயத்துக்கு அந்த இருபது நிமிஷம் போதும், நன்றாக வளர்ந்துவிடும். ஆயிரம் அடிக்கு சுமார் இரண்டு டிகிரி குறையும் என்பதால், கிருஷ்ணகிரி வெயிலில் கிளம்பினாலும் கதவு திறக்கும்போது ஊட்டிக் குளிர். பாராசூட் பயிற்சி மாணவராகத் தனியே குதிப்பவர் சக்கரத்துக்கு மேலே உள்ள படியில் கால் வைத்து, இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கி, பிறகு கையை விடவேண்டும். யோசித்துப் பார்த்தால் இது 1912-ன் பெர்ரியிடமிருந்து ரொம்ப தூரம் வந்துவிடவில்லை. 1980-களில் வந்த டேண்டம் முறையில் பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிவிடுவதால் அந்த 'கையை விடும்' முடிவு உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளப்படுகிறது. ட்வின் ஆட்டர் போன்ற பெரிய விமானம் என்றால் அகலமான கதவு, சீக்கிரமாக ஏற்றம், கூடவே இருபது பேர் கூச்சல். ஸ்கைவேன் ரகத்தில் பின்பக்க ரேம்பில் நடந்துபோய் விளிம்பில் காலை எடுத்து வைத்தால் முடிந்தது.

ஒரே ஆள் இரண்டு வாசல்களையும் பார்த்த கதை புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மஹாஜனுடையது. 2004 ஏப்ரல் 18 அன்று அவர் வட துருவத்தில் குதித்தார். அதற்கு முன் ஒரு குதிகூடக் குதித்ததில்லை, வாழ்க்கையின் முதல் குதியே அதுதான்! ரஷ்ய எம்ஐ-8 ஹெலிகாப்டர், 2,400 அடி, மைனஸ் 37 டிகிரி. ஹெலிகாப்டரின் முன்வேகம் குறைவாக இருந்தால் காற்று தாங்குவதும் குறையும், மேலே சொன்ன பலூன் சமாச்சாரம்தான். 2006 டிசம்பரில் அண்டார்டிகாவில் குதித்தபோது அவர் ஏறியது ட்வின் ஆட்டர், உயரம் 11,600 அடி. இந்தமுறை பாராசூட் திறக்கும் முன் காற்றில் மிதக்க அவருக்கு நேரம் கிடைத்தது.