கேட்டால் மட்டும் கூட்டிச் சொல்

கோவையில் படிக்கும் அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, இன்டெல் சிப்புக்கு எழுதின சாஃப்ட்வேர் இந்த எம்1 மேக்கில் எப்படி ஓடுது? அதுவும் இவ்வளவு வேகமா?" புனேயில் நான் பொட்டி தட்டுவது இதே துறையில்தான். ஒரு மெஷினுக்கு எழுதியதை இன்னொரு மெஷினில் ஓட வைக்கும் எமுலேட்டர் வேலை. ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்து 1970-க்குப் போய்விட்டேன். "அப்புறம் கூப்பிடறேன் மாமா" என்று வைத்துவிட்டான் :-). மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

ஒவ்வொரு பிராசசருக்கும் ஒரு பாஷை. இன்டெல் பாஷையில் எழுதிய புரோகிராம் வேறு சிப்புக்குப் புரியாது. நடுவில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் புரியவைக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் எமுலேட்டர். நாம் ஊரை விட்டு வடக்கே வந்து இறங்கிய நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் முப்பது நாளில் இந்தி புத்தகம். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பதற்குள் சப்ஜிக்காரன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். ஆறு மாதத்தில் புத்தகம் பரணுக்குப் போய்விடும். நாம் இந்தியில் பண்டிதர் ஆகிவிடவில்லை. காய்கறி, ஆட்டோ, கேஸ் சிலிண்டர், வாட்ச்மேன் என்று அன்றாடம் தேவைப்படும் ஐம்பது வாக்கியங்கள் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டன. அபூர்வமாக வரும் விஷயத்துக்குப் புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

புரோகிராம்களும் அப்படியேதான். 1971-ல் டொனால்ட் நூத் நிஜமான ஃபோர்ட்ரான் புரோகிராம்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புரோகிராமில் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் பொதுவாக ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று அதில் கண்டார். அந்தச் சின்னப் பகுதியை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எமுலேட்டரின் வாழ்வும் சாவும் இருக்கிறது.

இது பொழுதுபோக்கு விவகாரம் இல்லை. 1964 ஏப்ரலில் ஐபிஎம் சிஸ்டம்/360 என்ற புது வரிசையை அறிவித்தபோது, அதன் பழைய 1401 மெஷின்கள் ஆயிரக்கணக்கான கம்பெனிகளில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தன. புது மெஷினின் பாஷை வேறு. எல்லாவற்றையும் திருப்பி எழுதச் சொன்னால் வாடிக்கையாளர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவார். சில மாதம் முன்புதான் ஹனிவெல், 1401 புரோகிராம்களை மாற்றித்தரும் 'லிபரேட்டர்' என்ற மென்பொருளோடு 200 என்ற மெஷினைக் கொண்டுவந்து ஐபிஎம்மைக் கலக்கியிருந்தது. ஐபிஎம் 360-இன் மைக்ரோகோடுக்குள்ளேயே 1401-ஐப் புகுத்தியது. பழைய புரோகிராம்கள் பழைய மெஷினைவிட வேகமாக ஓடின. எமுலேட்டர் என்ற சொல்லே அந்த வேலையில் இருந்த ஐபிஎம் பொறியாளர்கள் வைத்ததுதான்.

அடுத்த பெரிய சூதாட்டம் 1994 மார்ச்சில். ஆப்பிள் மோட்டரோலா 68கே சிப்பிலிருந்து பவர்பிசிக்கு மாறியது. பவர் மேக் கடைக்கு வந்தபோது அப்ளிகேஷன்களை விடுங்கள், ஆப்பிளின் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே பெரும்பகுதி இன்னும் 68கே பாஷையில்தான் இருந்தது. எமுலேட்டர் மெதுவாக ஓடினால் புது மெஷினே மெதுவாகத் தெரியும். கம்பெனி மொத்தமும் கேரி டேவிடியன் எழுதிய ஒரு எமுலேட்டர் மேல் உட்கார்ந்திருந்தது என்றால் மிகையில்லை.

அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். 68கே கட்டளையின் முதல் சொல் 16 பிட். ஆக மொத்தம் 65,536 சாத்தியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்து, அந்த இடத்தில் இரண்டே இரண்டு பவர்பிசி கட்டளைகள், அதாவது 8 பைட். மொத்த அட்டவணை 512 கிலோபைட். கட்டளையைப் பிரித்து யோசிப்பதெல்லாம் கிடையாது. எண்ணைப் பார், அந்த வீட்டுக்குத் தாவு, பாதி வேலையை வாசலிலேயே செய், மிச்சத்துக்கு உள்ளே போ.

ஆனால் அட்டவணை என்னதான் பெரிதாக இருந்தாலும், வேகம் சிப்புக்குள் இருக்கும் கேஷ் எனும் சின்ன அலமாரியைப் பொறுத்தது. பவர்பிசி 601-ல் அது 32 கிலோபைட். மலிவான 603-ல் கட்டளைகளுக்கு 8, தரவுக்கு 8. எமுலேட்டரின் அன்றாடப் புழக்கம் அதற்குள் அடங்காமல் 603 மெஷின்கள் திணறின. 603இ வந்து அலமாரி இரண்டு மடங்கானதும்தான் மூச்சு வந்தது.

இதற்கிடையில் எரிக் ட்ராட் என்ற இளைஞர் வேறு வழி பிடித்தார். திரும்பத் திரும்ப வரும் பகுதியை ஒவ்வொரு தடவையும் படித்துச் சொல்வானேன்? ஒரு தடவை பவர்பிசி பாஷையில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை எழுதி வைத்ததையே நேராக ஓட்டிவிடலாமே. புத்தகத்தைப் புரட்டுவதை விட்டுவிட்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்த கதைதான். 1995-ல் வந்த பிசிஐ பவர் மேக்குகளில் இந்த முறை புகுந்தது. பிறகு கனெக்டிக்ஸ் கம்பெனியில் அவர் உருவாக்கிய வர்ச்சுவல் பிசி, 1997-ல் மேக்கின் மேல் விண்டோஸையே ஓட்டிக் காட்டியது. டிஜிட்டல் கம்பெனி 1996-ல் எஃப்எக்ஸ்!32 என்று தன் ஆல்ஃபா சிப்புக்கு ஒன்று செய்தது. புரோகிராம் ஓடும்போது எந்தப் பகுதி சூடு என்று குறித்துக்கொண்டு, நீங்கள் மூடிவிட்டுப் போன பிறகு பின்னால் உட்கார்ந்து மொழிபெயர்த்து வைக்கும். அடுத்த முறை திறந்தால் வேகம். புத்திசாலித்தனத்தில் குறையே இல்லை. ஆனால் 1998-ல் டிஜிட்டலை காம்பேக் வாங்கியது, 1999-ல் ஆல்ஃபாவுக்கான விண்டோஸும் நின்றது. நல்ல எமுலேட்டர் மட்டும் கம்பெனியைக் காப்பாற்றாது.

சரி, மொழிபெயர்த்து வைத்துவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. ஃபிளாக்.

இன்டெல் சிப்பில் ஒரு கூட்டல் போட்டால் விடை மட்டும் வராது. கூடவே ஆறு அடையாளக் கொடிகள் மாறும். விடை பூஜ்யமா, எதிர்மறையா, மேலே மிச்சம் போனதா, எல்லை மீறியதா, இப்படி. நிஜ சிப்புக்கு இது இலவசம், பக்கத்திலேயே சர்க்யூட் இருக்கிறது. எமுலேட்டருக்கு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. ஒரு கூட்டலுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கட்டளை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கொடிகளைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதே இல்லை. அடுத்த கூட்டல் வந்து அழித்துவிடும்.

நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இது எப்போதோ தெரியும். பற்று நோட்டில் அரைக் கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் நல்லெண்ணெய் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார். தினமும் கூட்ட மாட்டார். மாசக் கடைசியில், அல்லது நடுவில் அப்பா போய் "எவ்வளவு ஆச்சு" என்று கேட்டால், அப்போதுதான் பென்சிலைக் காதிலிருந்து எடுப்பார். எமுலேட்டரும் அதையே செய்கிறது. கூட்டிய எண்களையும் விடையையும் குறித்து வைத்துக்கொள்கிறது. யாராவது கொடியைக் கேட்டால் அப்போது கணக்கு. இதற்குப் பெயரே சோம்பேறி ஃபிளாக் முறை. 2003-ல் ஃபப்ரீஸ் பெல்லார் வெளியிட்ட க்யூஎமுவில் இது உண்டு. இன்னொரு படி மேலே போய், அடுத்து வரும் கட்டளைகளை முன்கூட்டியே பார்த்து, கொடி தேவைப்படாது என்று தெரிந்தால் குறித்து வைப்பதையும் விட்டுவிடும். மொழிபெயர்க்கவே மாட்டேன், வரிவரியாகத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கும் போக்ஸ் எமுலேட்டர்கூட 2008 வாக்கில் கொடிகளைத் தள்ளிப்போட்டும், ஒரு தடவை பிரித்துப் படித்த கட்டளையைச் சேர்த்து வைத்தும் கணிசமாக வேகம் எடுத்தது.

என் அனுபவம் ஒன்று. பல வருஷங்களுக்கு முன், ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கணக்குப் புரோகிராம் எங்களிடம் வந்தது. எழுதியவர் ரிட்டயர் ஆகிவிட்டார், சோர்ஸ் கோடு தொலைந்துவிட்டது, மெஷினுக்கு உதிரி பாகமும் கிடைக்காது. எமுலேட்டரில் ஓட்டினால் விடிவதற்குள் முடியவில்லை. முடியாவிட்டால் ஷிஃப்டுக்கு வரும் ஆட்களுக்கு அன்றைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. எங்கே நேரம் போகிறது என்று அளந்து பார்த்தால் பாதிக்குமேல் ஃபிளாக் கணக்கு. எங்கள் டீம் லீடர், ஒரு மராத்திக்காரர், திரையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "யாரும் கேட்காத கணக்கை இது ஏன் போட்டுக்கொண்டே இருக்கிறது?" ஒரு மாசம் ஆணி பிடுங்கினோம். அதிகாலை நாலு மணிக்குள் ஓட்டம் முடிய ஆரம்பித்தது.

அந்த ஆறு கொடிகளில் ஒன்று பேரிட்டி. விடையின் கடைசி 8 பிட்டில் இருக்கும் 1-கள் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று மட்டும் சொல்லும். இது எதற்கு என்று இன்றைய பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் டெக்ஸாஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் 1970-ல் டேட்டாபாயின்ட் 2200 என்ற டெர்மினலை அறிவித்தது. கம்பி வழியே வரும் எழுத்து சேதமில்லாமல் வந்ததா என்று பார்க்க டெர்மினலுக்கு பேரிட்டி வேண்டும். அதன் மெமரி ஒவ்வொரு பிட்டாக வரிசையில் வெளியே வரும் ரகம். கூட்டும்போது சின்ன இலக்கம் முதலில் வர வேண்டும் என்பதால், எண்ணின் சின்னப் பகுதியை முன்னால் வைத்தார்கள். அந்தப் பிராசசரை ஒரே சிப்பாகச் செய்துதரும் வேலை இன்டெலுக்குப் போனது. சிப் தாமதமானது, டெர்மினல் கம்பெனி அதைப் பயன்படுத்தவே இல்லை. இன்டெல் 1972-ல் அதை 8008 என்று விற்றது. அதிலிருந்து 8080, அதிலிருந்து 1978-ல் 8086. பழைய புரோகிராம்களை மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று கொடிகளும் எண் வரிசையும் அப்படியே தொடர்ந்தன. தாத்தா போட்ட சம்மணம் பேரனுக்கும்.

அந்தத் தலைகீழ் எண் வரிசை 2003-ல் வர்ச்சுவல் பிசியைப் படுத்தி எடுத்தது. பழைய பவர்பிசி சிப்புகளில் அந்த வரிசையிலும் வேலை செய்ய ஒரு வசதி இருந்தது. வர்ச்சுவல் பிசியின் சூடான பகுதிகள் அதை நம்பியிருந்தன. ஜி5 சிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆப்பிளின் வேகமான மெஷினில் வர்ச்சுவல் பிசி ஓடவே இல்லை. அதற்குள் அதை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட் 2004-ல் ஏழாவது பதிப்பு கொண்டுவந்த பிறகுதான் தீர்ந்தது.

ஆப்பிள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தது என்று நினைக்கிறேன். 2020-ல் எம்1 வந்தபோது கூடவே ரொசெட்டா 2. இன்டெல் புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னாலேயே மொழிபெயர்த்து டிஸ்கில் வைத்துவிடும். தேவையில்லாத கொடிகளை அதுவும் விட்டுவிடும். ஆனால் எல்லா நேரமும் தேவையில்லை என்று நிரூபிக்க முடியாதே. எம்1 சார்ந்த ஆர்ம் பாஷையில் கொடிகள் நான்குதான். இன்டெலின் ஆறில் பேரிட்டியும், 8080 காலத்து தசமக் கணக்குக்கான இன்னொன்றும் அதில் கிடையாது. ஆப்பிள் ஒரு காரியம் செய்தது. வெளி ஆவணங்களில் சொல்லாமல், அந்த இரண்டு கொடிகளையும் சிப்பே கணக்குப் போட்டுக் கொடுக்கும் வசதியைச் சிலிக்கானிலேயே வைத்துவிட்டது. குடைந்து பார்த்தவர்கள் பிறகு கண்டுபிடித்துச் சொன்னார்கள். நினைவகத்தில் எழுதும் வரிசையை இன்டெல் மாதிரி நடத்த ஒரு சுவிட்சும் வைத்தார்கள். அந்தச் சுவிட்ச் இல்லாவிட்டால் வேகம் குறைந்திருக்கும், ஆனால் அது தனிக் கதை.

ஆக 1970-ல் ஒரு டெர்மினலுக்காக வைத்த பேரிட்டி, அக்கா பையனின் லேப்டாப்பில் கொஞ்சம் சிலிக்கானாக உட்கார்ந்திருக்கிறது. ரொசெட்டா 2 முழுமையாகக் கிடைப்பது மேக் ஓஎஸ் 27 வரைதான், அதற்குப் பின் கவனிப்பாரற்ற பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டும் இருக்கும் என்று 2025-ல் ஆப்பிள் அறிவித்தது. இன்டெலுக்காக எழுதிய ஏதாவது உங்கள் வீட்டு மேக்கில் இருந்தால், அதை எழுதியவர்கள் புது பதிப்பு போட்டிருக்கிறார்களா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.