மதுரைக்கால்: ஊர்ப்பெயர் பெற்ற ஒரு நோயும் அதற்கு விழுந்த எண்ணும்

மதுரை என்றதும் மல்லிகைப்பூ, மீனாட்சியம்மன் கோயில், ஜிகர்தண்டா என்று வரிசையாக நினைவுக்கு வரும். அதே மதுரை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஐ.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பட்டியலின் 10-ஆம் திருத்தத்தில், பி47 என்ற எண்ணுக்குக் கீழே 'மதுரா ஃபுட்' என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் மதுரைக்கால். இதற்குப் பெருமைப்படுவதா, சங்கடப்படுவதா? முதலில் கதையைக் கேளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது யானைக்கால் அல்ல. அது கொசுவால் வருவது. மதுரைக்கால், மண்ணிலிருந்து வருவது. வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கு முள் குத்துகிறது. முள்ளோடு மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய்விடுகிறது. சின்னதாக ஒரு கட்டி. வலி பெரிதாக இருக்காது, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. மாதங்கள், வருடங்கள் கழித்துப் பாதம் வீங்கி, பல இடங்களில் துளை விழுந்து, சீழோடு கடுகு மாதிரி மணிமணியாகக் குருணை வெளியே வரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று பல நிறங்களில். அதற்குள் நோய் எலும்புக்குள் இறங்கியிருக்கும். கடைசியில் பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம்.

1842-இல் மதுரை டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் கில் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு எழுதிவைத்தார். 1846-இல் கோல்புரூக் என்ற மருத்துவர் 'மதுரா ஃபுட்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த அத்தியாயம் நான் பிழைக்க வந்த இந்த மும்பையில் நடந்தது. ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1858-இல் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதே ஆண்டுதான் லண்டனில் 'கிரேஸ் அனாட்டமி' வெளிவந்தது. மருத்துவ மாணவர்களுக்குப் பல தலைமுறையாக வேதம் மாதிரி இருக்கும் அந்தப் புத்தகத்தின் படங்களை வரைந்தவர் இவர்தான். வெட்டியெடுத்த பாதங்களையும் குருணைகளையும் நுண்ணோக்கியில் பார்த்து, இது பூஞ்சையால் வருகிறது என்று சொன்னார். 'மைசிடோமா' என்று பெயரும் வைத்தார். 1874-இல் படங்களோடு ஒரு புத்தகமாகவே போட்டார். குருணையில் கறுப்பு ஒரு வகை, வெளிறியது இன்னொரு வகை என்றும் பிரித்தார். வெளிறிய வகையில் பலவற்றுக்குக் காரணம் பூஞ்சையல்ல, பாக்டீரியா என்று பிற்பாடு தெரிந்தது. இன்று அந்தக் கிருமிகளின் பெயர்களிலும் நம்ம ஊர் இருக்கிறது: மதுரெல்லா, ஆக்டினோமதுரா.

மதுரையில் மட்டும்தான் இந்த நோய் இருந்ததா? இல்லவே இல்லை. ராஜஸ்தான், சூடான், செனகல், மெக்சிகோ என்று பல இடங்களில் உண்டு. மதுரையில் ஒருவர் உட்கார்ந்து குறித்துவைத்தார், அதனால் பெயர் மதுரைக்குப் போனது. ஆகவே சங்கடப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-இல் சொல்லிவிட்டது. அது வேறு விஷயம்.

இனி எண்ணின் கதை. இந்த சர்வதேசப் பட்டியலின் மூலம் 1893-இல் பிரெஞ்சுக்காரர் பெர்ட்டியோன் சிகாகோவில் முன்வைத்த பட்டியல். அது சாவுக்கான காரணங்களின் பட்டியல். காலை முடக்கிப்போடும், ஆனால் உடனே ஆளைக் கொல்லாத நோய்களை அப்படிப்பட்ட கணக்கில் பார்ப்பது கஷ்டம். நாற்றுநட முடியாமல் வீட்டில் கிடப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். 1948-இல் 6-ஆம் திருத்தத்தில்தான் சாவோடு நோய்களையும் சேர்த்தார்கள்.

10-ஆம் திருத்தத்தில் பி47.0 என்றால் பூஞ்சை, பி47.1 என்றால் பாக்டீரியா, பி47.9 என்றால் வகை குறிப்பிடப்படவில்லை. வங்கிக்காரனுக்கு இது சட்டென்று புரியும். எந்தக் கணக்கு என்று தெரியாத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். பி47.9 அந்த மாதிரி. ஆனால் இங்கே விளைவு பெரியது. பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் பூஞ்சைக்கொல்லி மருந்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சையும். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக்கிலேயே பலருக்குக் குணமாகும். பரிசோதனை செய்து வகையை எழுதாவிட்டால், தப்பான மருந்தில் காலம் போய்விடும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் குறிப்புகளைப் படித்து எண் போடுவது அவர்கள் வேலை. பாதத்தில் நாள்பட்ட எலும்புத் தொற்று என்றால் பழைய முறையில் 730.17, வலதோ இடதோ ஒரே எண். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே புதிய முறை: வலது என்றால் எம்86.671, இடது என்றால் எம்86.672. டாக்டர் பக்கத்தை எழுதவில்லையா? எம்86.679. கோடர் தானாக ஊகிக்கக் கூடாது, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். வவுச்சரில் இல்லாததை நாங்கள் லெட்ஜரில் ஏற்ற முடியாதல்லவா, அதே சட்டம்தான்.

எழுதியாகிவிட்டது, எண்ணும் கிடைத்தது. கவனம் கிடைத்ததா? கில் எழுதி 174 வருடம் கழித்து, 2016-இல்தான் உலக சுகாதார சபை இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களில் ஒன்றாக ஏற்றது. பாதிக்கப்படுபவர் செருப்பில்லாத விவசாயி, அவசரம் யாருக்கு? இந்த நோய்க்கென்றே 1991 முதல் சூடானின் கார்ட்டூமில் ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. 2023-இல் தொடங்கிய போரில் அது அழிந்தது. பல்லாண்டு மாதிரிகளும் பதிவுகளும் அதோடு போயின.

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வேலை உண்டு. ஊரில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ காலில் ஆறாத புண், கட்டி, சர்க்கரை நோயாளிக்கு எலும்பு வரை போன புண் என்று தகவல் வந்தால், "டாக்டர்கிட்ட காட்டியாச்சு" என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள். எந்தக் கால், எலும்பில் இறங்கியிருக்கிறதா, என்ன கிருமி என்று பரிசோதனை செய்தார்களா, இவை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் ஒரு ஃபைலில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அடுத்து பார்க்கப்போகும் டாக்டருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் அந்தக் காகிதம்தான் பேசும். வயலுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள்.